பண்ணைப் பாலம் தாண்டினவன்

தீவகத்து உதைபந்தாட்டக் கழகங்களின் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாக சபையினர் எல்லாருக்கும்,

ஊர்காவற்றுறையில் சின்னக் கடையொன்று வைத்திருக்கிறவன், ஒரு காலத்தில் முன்களத்தில் ஓடினவன் எழுதுகிறேன். உங்களில் பாதிப்பேருக்கு என்னைத் தெரியும். மிச்சப்பேருக்கு என் கடையைத் தெரியும். காரைநகர்ப் பாதைப் படகுக்குக் காத்து நிற்கிற நேரம் ஒரு சோடா குடிக்க ஒதுங்கியிருப்பீர்கள்.

போன மாதம் எங்கள் தீவுகளில் ஒன்றில் ஒரு கழகத்தின் பொதுக்கூட்டம் நடந்தது. எந்தத் தீவு, எந்தக் கழகம் என்று எழுதமாட்டேன். பேர் போட்டால் நீங்கள் பேரைப் பிடித்துக்கொண்டு விஷயத்தை விட்டுவிடுவீர்கள். அந்தக் கழகத்து முன்கள வீரனுக்குப் பத்தொன்பது வயது. இடக்காலாலும் வலக்காலாலும் ஒரே மாதிரி அடிப்பான். யாழ்ப்பாண நகரத்துக் கழகமொன்று அவனைக் கேட்டிருக்கிறது. பொடியன் முறைப்படி விலகல் கடிதம் கேட்டான். கடிதம் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கூட்டக்குறிப்புப் புத்தகத்தில் ஒரு வரி ஏறியது: மேற்படி வீரர் இனி எக்காலத்திலும் கழகத்தில் சேர்த்துக்கொள்ளப்பட மாட்டார். அந்தப் பக்கத்தை யாரோ போனில் படமெடுத்து எனக்கு அனுப்பினார்கள். நீலப் பேனை. ‘எக்காலத்திலும்’ என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு. இரண்டாவது கோடு தாளைக் கிழித்திருக்கிறது.

அந்தக் கோட்டை எனக்கு முந்தியே தெரியும். 2003இல் நானும் பண்ணைப் பாலம் தாண்டி நகரத்துக் கழகமொன்றுக்கு ஆடப் போனேன். சமாதான காலம், வீதி திறந்திருந்தது. துரையப்பா அரங்கில் ஆடவேண்டும் என்ற ஆசையைவிடப் பெரிய ஆசை அந்த வயதில் எனக்கு இருக்கவில்லை. பஸ் காசும் ஒரு சோடிச் சப்பாத்தும் தந்தார்கள். சம்பளம் என்று ஒரு சதம் இல்லை. 2010இல், முழங்கால் கொஞ்சம் பிசகிய பிறகு, ஊரோடு வந்து பழைய கழகத்தில் ஆடலாமா என்று கேட்டேன். கொடி பிடிக்க ஆளில்லை, லைன்ஸ்மனாக நில் என்றார்கள். நின்றேன். ஒரு பருவம் முழுக்க, எனக்குத் தெரிந்த பந்துகள் எனக்குத் தெரிந்த இடங்களில் விழுவதைக் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன். அதில் ஒருவர் மேலும் எனக்கு இப்போது கோபம் இல்லை. ஆனால் அதே வரியை இன்னொரு பொடியனுக்கு எழுதுகிறபோது வாய் மூடியிருக்க முடியவில்லை.

உங்களுக்கு ஒருவருடைய கதை சொல்லவேண்டும். வெள்ளைக்காரன் கதை எங்களுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், ஆள் கடைக்காரன்.

என் மச்சான் ஒருவர் கிளாஸ்கோவில் இருக்கிறார். போன புதிதில் மூலைக்கடை ஒன்றில் இரவு வேலை செய்தார். பேப்பர், பால், சிகரட், இனிப்பு விற்கிற கடை. வாசற்பலகையில் ‘ஆர். எஸ். மக்கோல்’ என்று எழுதியிருந்தது. முதலாளியின் பேராக்கும் என்று மச்சான் நினைத்துக்கொண்டிருக்க, பேப்பர் வாங்க வந்த கிழவர் ஒருவர் சிரித்துவிட்டுச் சொன்னாராம்: தம்பி, அது இங்கிலாந்துக்கு எதிராக மூன்று கோல் அடித்தவனின் பேர்.

றொபேர்ட் ஸ்மித் மக்கோல். 1876இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். மத்திய முன்கள வீரர். 1894இல் குயின்ஸ் பார்க் கழகத்தில் சேர்ந்தார். இந்தக் கழகத்தைப் பற்றி நீங்கள் அறியவேண்டும், ஏனென்றால் அது எங்களைப்போல் ஒரு கழகம். 1867இல் தொடங்கினது. 1872 நவம்பர் 30இல் கிளாஸ்கோவில் நடந்த உலகின் முதல் சர்வதேச உதைபந்தாட்டப் போட்டியில் ஸ்கொட்லாந்துக்கு ஆடின 11 பேரும் அந்த ஒரே கழகத்து ஆட்கள். ஆங்கிலேயர் ஆளுக்கொரு பக்கம் பந்தைத் தள்ளிக்கொண்டு தனியே ஓடின காலத்தில், இவர்கள் ஒருவருக்கொருவர் பந்தைக் கொடுத்து ஆடினார்கள். ஆட்டம் 0–0. ஆனால் இன்றைக்கு நீங்களும் நானும் ‘பந்தைக் குடடா’ என்று கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிறோமே, அந்தக் கத்தலுக்கு அவர்கள்தான் பூட்டன்மார்.

அந்தக் காலத்தில் குயின்ஸ் பார்க் ஒருவருக்கும் சம்பளம் கொடுத்ததில்லை. ஆடுவதற்காகவே ஆடுவது என்பது அவர்களின் வாசகம். இங்கிலாந்து 1885இலும் ஸ்கொட்லாந்து 1893இலும் காசுக்கு ஆடுவதைச் சட்டமாக ஏற்றுக்கொண்ட பிறகும் அவர்கள் அசையவில்லை. லீக் ஆட்டத்துக்குள்ளேயே 1900இல்தான் வந்தார்கள். காசு வாங்கினவன் அவர்களுக்குத் தீண்டத்தகாதவன் மாதிரி. பிடிவாதத்தில் எங்கள் கழகங்கள் அவர்களுக்குக் கிட்டவும் நிற்கமுடியாது.

அந்தக் கழகத்து ஆளாகவே மக்கோல் நாட்டுக்கு ஆடினார். 1899 மார்ச்சில் வேல்ஸுக்கு எதிராக மூன்று கோல். அதே மாதம் அயர்லாந்துக்கு எதிராக மூன்று கோல். அடுத்த வருசம், 1900 ஏப்ரல் 7, கிளாஸ்கோவில் செல்டிக் கழகத்தின் மைதானம். எதிரே இங்கிலாந்து. அன்றைக்கு ஸ்கொட்லாந்துக்காரர் தங்கள் நீலத்தை விட்டு, றோஸ்பெரி பிரபுவின் குதிரைப் பந்தய நிறங்களான வெளிர்மஞ்சளும் இளஞ்சிவப்பும் கோடுபோட்ட சட்டையில் இறங்கினார்கள். கோயில் திருவிழாவுக்கு உபயகாரரின் நிறத்தில் சோடிக்கிறமாதிரி வைத்துக்கொள்ளுங்கள். முதல் நிமிடத்திலேயே மக்கோலின் கோல். இடைவேளைக்கு முன் அவருடைய மூன்றும் முடிந்தது. இங்கிலாந்துக்காக ஸ்டீவ் புளூமர் ஒன்று போட்டார். முடிவு 4–1. அந்த ஆட்டத்தின் ஐந்து கோலும் முதற்பாதியில் விழுந்தவை. பிற்பாதி பார்க்க வந்தவன் பாவம்.

1901இல் மக்கோல் கழகத்தை விட்டார். நியூகாசில் யுனைட்டட் கூப்பிட்டது, காசு கொடுத்தது, போனார். அந்தக் காசை என்ன செய்தார் என்பதில்தான் எனக்கு ஆள்மேல் ஒரு பிரியம் வந்தது. தமையன் தம்பி உறவு எங்கேயும் ஒன்றுதான்: சகோதரன் டொமோடு சேர்ந்து கிளாஸ்கோவில் ஒரு இனிப்புக்கடை போட்டார். இனிப்பும் தாங்களே காய்ச்சினார்கள். அதன்பிறகு சனம் அவருக்கு வைத்த பேர் ‘ரொபி பொப்’. ஒரு நாட்டின் மிகச் சிறந்த முன்கள வீரனை எங்கள் சின்னப் பிள்ளைகள் கூப்பிடுகிற மாதிரி ‘ரொபி மாமா’ என்று கூப்பிட்டிருக்கிறார்கள். என் கடையின் முன்தட்டில் தோடம்பழ இனிப்புப் போத்தலும் பல்லிமுட்டைப் போத்தலும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மச்சான் கதை சொன்ன நாளிலிருந்து மூடியைத் திறக்கிற நேரமெல்லாம் அந்த மனிசனை நினைக்கிறேன்.

நியூகாசிலில் அவருடைய பேரளவுக்குக் கோல் விழவில்லை. 1904இல் கிளாஸ்கோவுக்குத் திரும்பி றேஞ்சர்ஸில் சேர்ந்தார். அவர் போன அடுத்த பருவமே நியூகாசில் இங்கிலாந்து லீக் பட்டத்தை எடுத்தது. எங்கள் ஊரில் இதற்கு ராசி, சகுனம் என்று ஆயிரம் கதை கட்டியிருப்பார்கள். றேஞ்சர்ஸும் காசு கொடுக்கிற கழகம். மூன்று வருசம் அங்கே.

இனிக் கவனியுங்கள். 1907இல், 31 வயதில், மக்கோல் குயின்ஸ் பார்க்கின் கதவைத் தட்டினார். காசுக்கு இரண்டு கழகத்தில் ஆடியாயிற்று. அதில் ஒன்று அதே நகரத்துப் போட்டிக் கழகம். ஒரு சதம் வாங்கினவனையே சேர்க்காத கழகத்தின் வாசலில் வந்து நிற்கிறார். உங்கள் கூட்டமாக இருந்தால் பேனை நீலமா சிவப்பா என்பதில்தான் வாதம் நடந்திருக்கும். அவர்கள் அவரை மறுபடியும் அமெச்சூர் வீரராகப் பதிந்து, உள்ளே எடுத்தார்கள். 1908இல் அவர் திரும்பவும் நாட்டுச் சட்டையைப் போட்டார். அது அவருடைய 13ஆவது சர்வதேச ஆட்டம், கடைசியும் அதுதான். 13 ஆட்டத்தில் 13 கோல் கணக்கில் நிற்கிறது. 1910இல், விடுகிற பருவத்தில், போர்ட் கிளாஸ்கோ அத்லெற்றிக்குக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஆறு கோல் அடித்தார்.

ஆறு! முப்பத்துநாலு வயதை எட்டின ஒரு இனிப்புக் கடைக்காரன்!

இந்தக் கதையைக் கேட்ட இரவு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2010இல் எனக்கும் அதே 31 வயது. நான் மக்கோல் அல்ல, அந்த மயக்கம் எனக்கு இல்லை. ஆனால் ஒரு பருவத்துக்கு நாலு கோல் அடித்திருப்பேன். அதைவிட, எனக்குப் பின்னால் வந்த பொடியளுக்கு, முதுகைக் கோல் பக்கம் காட்டி நின்று பந்தை வாங்கித் திரும்புவது எப்படி என்று மைதானத்துக்குள் நின்றே காட்டியிருப்பேன். நகரத்தில் ஏழு வருசம் அடிபட்டுப் படித்ததைக் கொடி பிடித்துக்கொண்டு சொல்லிக் கொடுக்க முடியாது.

போனவனைத் திரும்பச் சேர்க்காத இந்த வைராக்கியம் கழகங்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. ஸ்கொட்லாந்து என்ற நாடே அதைப் பிடித்துக்கொண்டு இருந்தது. இங்கிலாந்துக் கழகங்களுக்குப் போய்க் காசுக்கு ஆடினவர்களை வருசக்கணக்காக நாட்டு அணிக்குச் சேர்க்காமல் வைத்திருந்தார்கள். போனவன் போனவன்தான். அந்த வருசங்களில் இங்கிலாந்திடம் அடிமேல் அடி. 1896இல் மனம் மாறி, எல்லை தாண்டிப் போனவர்களையும் கூப்பிட்டு இறக்கினார்கள். அந்த ஆட்டத்தில் இங்கிலாந்தை 2–1 என்று வென்றார்கள். மக்கோல் நியூகாசிலில் இருந்துகொண்டே 1902இல் நாட்டுக்கு ஆடியதும் அந்த மனமாற்றத்தால்தான்.

இன்னும் கிட்டின ஆளாகச் சொல்லவா? முகம்மது சலீம். கல்கத்தா மொகமடன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் முன்களத்தில் ஓரத்தில் ஓடினவர். 1936இல் கிளாஸ்கோவுக்குப் போய்ச் செல்டிக் கழகத்துக்காக இரண்டு ஆட்டம் ஆடினார், சப்பாத்து இல்லாமல், காலில் பண்டேஜ் சுற்றிக்கொண்டு. செல்டிக்காரர் அவருடைய காலுக்குக் கட்டுப் போடுகிற படம் இன்றைக்கும் இருக்கிறது. எங்கள் மணலில் வெறுங்காலில் பந்தடித்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் படத்தைப் பார்த்தால் நெஞ்சுக்குள் ஏதோ செய்யும். அங்கே இருக்கச் சொன்னார்கள். மனிசனுக்கு வீட்டு நினைவு தாங்கவில்லை, கப்பலேறிவிட்டார். கல்கத்தாவில் இறங்கினவரை மொகமடன்காரர், ‘வெள்ளைக்காரனுக்கு ஆடினவன்’ என்று கொடி பிடிக்க நிறுத்தவில்லை. பழையபடி ஓரத்தில் ஓடினார்.

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு தீவுக் கழகத்தில் ஆடக்கூடியவர்கள் பதின்மூன்று பேர் இருந்தால் பெரிது. மற்றவர்களில் ஒருவன் கடலுக்குப் போயிருப்பான், ஒருவன் கொழும்பில் வேலை, ஒருவன் விசா வந்து பறந்துவிட்டான். அதற்குள் முன்களத்தில் நிற்கிறவனையும் நகரத்துக் கழகம் தூக்கினால் வயிறு எரியும்தான். எட்டு வயதில் பிடித்து, படகுக் காசு கொடுத்து, குறிகட்டுவானுக்கும் அந்தப் பக்கத்துக்கும் கூட்டிக்கொண்டு திரிந்து, காய்ச்சலுக்குக் குளிசை வாங்கிக் கொடுத்து வளர்த்தது நீங்கள். பழுத்த பிறகு பறிக்கிறது வேறு ஆள். நெடுந்தீவுப் பொடியளை ஒரு மணித்தியாலம் கடலில் கூட்டிவந்து, ஆட்டம் முடிய முந்தியே கடைசிப் படகுக்கு ஓடவைத்த மனேஜர்மார் எனக்குத் தெரிந்தவர்கள். நியாயமாகப் பார்த்தால் லீக் நடக்கிற நடுவில் ஒருவனையும் விடக்கூடாது, அதில் நான் உங்கள் பக்கம். எடுக்கிற கழகத்திடம் கேளுங்கள்: ஒரு சோடிக் கோல் வலை, நாலு பந்து, பருவத்துக்கு ஒருமுறை எங்கள் மைதானத்துக்கு வந்து ஒரு ஆட்டம். கேட்டால் தருவார்கள், கேட்க வெட்கப்படுகிறோம். கோபப்படுவதற்கு மட்டும் எங்களுக்கு வெட்கமே இல்லை.

ஆனால் திரும்பி வருகிறவனுக்குப் படலையைப் பூட்டுவதால் என்ன கிடைக்கிறது? குயின்ஸ் பார்க் வருசா வருசம் ஆட்களை இழந்துகொண்டே இருந்த கழகம். 1893க்குப் பிறகு ஸ்கொட்லாந்துக் கிண்ணம் அவர்கள் கைக்கு வந்ததே இல்லை. அப்படியிருந்தும் 1903இல் ஹம்டன் பார்க்கைக் கட்டித் திறந்தார்கள். சம்பளம் கொடுப்பதில்லை என்ற கொள்கையை 2019 வரை விடவில்லை. செல்டிக்காரர் வேண்டாம் என்று விட்ட அன்ட்றூ றொபேர்ட்சன் என்ற பொடியனை எடுத்து, 2012இல் காசில்லாமல் ஆடவைத்து, அடுத்த வருசம் மேலே அனுப்பினார்கள். லிவர்பூலுக்கு ஆடி ஐரோப்பியக் கிண்ணம் எடுத்து, ஸ்கொட்லாந்துக்குத் தலைவனானவன் அவன்தான். அனுப்பத் தெரிந்த கழகம் என்று அதற்கு ஒரு பேர் இருக்கிறது. எங்கள் கழகங்களுக்கு என்ன பேர் இருக்கிறது என்று நகரத்தில் ஆடின எவனையாவது கேட்டுப் பாருங்கள்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. போவதும் வருவதும் தீவானுக்குப் புதிதா? எங்கள் ஐயா காலிப் பக்கம் சந்திக்கடை வைத்திருந்தவர். புங்குடுதீவு, வேலணை, கரம்பன், அனலைதீவு என்று தெற்கின் சந்திகளில் கடை போட்ட எத்தனை குடும்பம்! வருசத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு வந்து போனவர்கள். 1983 ஜூலையில் ஐயாவின் கடை எரிந்தது. உடுத்த சாரத்தோடும், என்ன நினைத்துக் கையில் எடுத்தாரோ தெரியாது, ஒரு பித்தளைப் படிக்கல்லோடும் ஊருக்கு வந்து இறங்கினார். எனக்கு அப்போது நாலு வயது. ‘இத்தனை வருசம் தெற்கில் உழைத்தவன், இங்கே என்ன வேலை’ என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியப்பா வள்ளத்தில் ஒரு பங்கு கொடுத்தார். அந்தப் படிக்கல் இப்போதும் என் கடை மேசையில் பில்லுப் புத்தகத்துக்கு மேல் பாரமாக இருக்கிறது. 1990இல் தீவே காலியாகி, சனம் முழுக்கப் பெட்டியும் பாயுமாகக் கிளம்பினோம். திரும்பி வர விட்டபோது வந்தோம். வந்தவர்களை வேலியில் நிறுத்தி யார் விசாரித்தது?

இப்போது உங்கள் சுற்றுப்போட்டி மேடைகளைப் பாருங்கள். பொன்னாடை யாருக்கு? பாரிஸிலிருந்து, ரொறன்ரோவிலிருந்து வந்தவருக்கு. அவர் முப்பது வருசமாக இந்த மைதானத்தில் கால் வைக்கவில்லை. அவர் வரவேண்டும், பொன்னாடையும் போடவேண்டும், வலைக்கும் வெளிச்சத்துக்கும் காசு தருகிறவர், எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பாரிஸ் போனவர் பிரதம விருந்தினர், பண்ணைப் பாலம் தாண்டினவன் துரோகி. இந்தக் கணக்கு எனக்குச் சரிவரவில்லை. அரை மணித்தியாலப் பஸ் ஓட்டத்துக்கு ஆயுள் தண்டனை, எட்டாயிரம் கிலோமீற்றருக்குப் பூமாலை.

மக்கோலின் மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன், கடைக்காரனாக எனக்கு அதில் ஒரு ஆசை. ஒரு கடை பல கடையாயிற்று. 1933இல் கட்பரி கம்பனி அதில் பெரும்பங்கை வாங்கியது. அதன் பிறகும் சகோதரர்கள் நடத்தினார்கள். 1958இல் ஆள் காலமானார். பேர் மட்டும் பலகைகளில் தங்கியது. கடைகள் கைமாறிக் கைமாறி, 2022இல் மொறிசன்ஸ் என்ற பெரிய கம்பனியிடம் போயின. மச்சான் வேலை செய்த கடையின் பலகையும் மாறும் என்கிறார். பழைய பலகையைக் கழற்றினால் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். கப்பலில் அனுப்ப எவ்வளவு முடியும் என்று கேட்டு மனைவி சிரிக்கிறா.

விஷயத்துக்கு வருகிறேன். பொடியனிடம் கதைத்தேன். கோபத்தோடு இருக்கிறான், இனி இந்தக் கழகத்தின் பக்கமே வரமாட்டேன் என்கிறான். நானும் 2003இல் அப்படித்தான் சொன்னேன். பதிவு முடிய இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. குறிப்புப் புத்தகத்தில் அந்த வரியை வெட்டி, பக்கத்தில் தலைவரும் செயலாளரும் சிறு ஒப்பம் வைத்தால் போதும், புதுக் கூட்டம் தேவையில்லை. கோடு கிழித்த இடத்தில் தாள் பிய்ந்திருக்கிறது, பின்பக்கம் ஒரு துண்டு ஒட்டி எழுதுங்கள். விலகல் கடிதத்தை நானே தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். பந்துக்கும் வலைக்கும் நகரத்துக் கழகத்தோடு கதைப்பதும் என் பொறுப்பு.

மற்றத் தீவுகளின் கழகங்களும் தங்கள் தங்கள் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். எங்கள் ஊர்ப் புத்தகத்தில், 2010ஆம் ஆண்டுப் பக்கத்தில், என்னுடைய பேரும் இருக்கும். அதை வெட்டவேண்டாம். எனக்கு இப்போது 46 வயது, முழங்காலும் சரியில்லை.

வியாழக்கிழமை காலைப் படகில் வருகிறேன். கடிதம் நனையாமல் பொலித்தீன் பையில் கொண்டுவருவேன். செயலாளர் அண்ணை இறங்குதுறைக்கு வந்தாலே போதும், ஒப்பம் வைக்கப் பேனை என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
ஊர்காவற்றுறைக் கடைக்காரன்